ஸ்டெப்னித் தோணி

கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத எங்கள் நாமக்கல் பட்டறைக்கு, ஒரு முதலாளி இரண்டு பழைய தோணிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எண்பதுகளில் அங்கே நான் லாரிகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று லாரி வைத்திருந்தவர், புதிதாக நாகப்பட்டினத்தில் ஒரு சின்ன விசைப்படகும் வாங்கியிருந்தார். ஆபத்தென்றால் ஏறித் தப்பிக்க அதற்கொரு தோணி வேண்டுமாம். கடற்கரை ஆசாரிகள் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள்தான் பழுது பார்க்க வேண்டுமாம்.

வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிவப்பு, எதையும் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தே நம்பும் பழக்கம். தோணிகளையும் டயரைப் போல உதைத்துப் பார்த்துச் சிறியதைத் தேர்ந்தெடுத்தார். படகின் கூரையில் கவிழ்த்துக் கட்ட அதுதான் தோதாம்.

“ஏனுங்க, இதுல நாலு பேருதான் உக்கார முடியும். படகுல எத்தன பேருங்க?” என்றேன்.

“ஆறு பேரு சாமி.”

“மிச்ச ரெண்டு பேருங்க?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “லாரிக்கு ஆறு டயரு. ஆறுக்கும் ஸ்டெப்னி வெச்சுக்கிட்டா ஓட்டறோம்? ஒன்னுதான வெக்கறோம்?”

அவ்வளவு பெரிய அறிவை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு தூரிகையை எடுத்தேன். தோணியின் பின்பக்கம் என்ன எழுதட்டும் என்று மட்டும் கேட்டேன்.

“லாரிக்கு எழுதறதுதான் சாமி.”

‘ஒலி எழுப்பவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்றும் லாரிகளின் பின்னால் அதைப் படிக்கும்போதெல்லாம், தோணியில் இடமில்லாத அந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன். பாவம், அவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.