மைத்துனன் வேனுக்கு ஊற்றிய எண்ணெய்

பட்டறையில் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வாசலில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். பெண்டாட்டி பேச்சைத் தவிர மற்றதெல்லாம் அந்தக் காதில் விழும் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். இருபத்தெட்டு வருஷமாக எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவர். அத்தனை வருஷமும் வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்: புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு முதலில் சாதா மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

"புது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் மொதல்ல கொஞ்சம் உரசணும். உரசினாத்தான் ஒண்ணோட ஒண்ணு படியும். எடுத்த எடுப்புலேயே ஒசந்த எண்ணெயை ஊத்தி வழுக்கிவிட்டா, கடைசி வரைக்கும் ஒட்டாது. புதுசாக் கல்யாணம் ஆனவங்களும் அப்படித்தான், நாலு சண்டை போடட்டும் விடுங்க" என்பார்.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்ன மனுஷர்தான், மைத்துனன் வேன் எஞ்சின் கட்ட வந்தபோது புத்தியைக் கடன் கொடுத்துவிட்டார்.

மனைவியின் தம்பி கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். பதினாறு வருஷமாக அதே வேன். ஆள் வாயில்லாப் பூச்சி. அவன்மேல் இவருக்குத் தனிப் பிரியம். ஒன்பது நாள் வேறு வேலையைத் தொடாமல் அந்த எஞ்சினைக் கட்டினார். பத்தாம் நாள் எண்ணெய் ஊற்றும்போது மைத்துனன் பக்கத்திலேயே நின்றான். கை மினரல் டின்னுக்குத்தான் போனது. ஊரான் வண்டிக்கு ஊற்றுவதையா இவனுக்கும் ஊற்றுவது என்று மனசு கேட்டது. என் கைவேலைக்கு எந்த எண்ணெயிலும் ரிங் படியும் என்று மண்டைக்கனமும் கூடச் சேர்ந்துகொண்டது. அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே உயர்ந்த சிந்தெட்டிக் ஆயில் டின்னை உடைத்தார்.

மூன்றே வாரம். வேன் நீலப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஊற்றிய எண்ணெயில் பாதியைக் குடித்திருந்தது. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ரிங் படியவே இல்லை, சிலிண்டர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கும்.

"ஏன் மாமா இப்படி ஆச்சு?" என்று மைத்துனன் கேட்டான். சுற்றிலும் ஐந்தாறு பேர் நின்றார்கள். பட்டறையின் பெரிய கைக்கு, நான்தான் தப்புச் செய்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"கடை வாசல்ல எஞ்சினை அணைக்காம நிறுத்தி வச்சியா?"

"ரெண்டு மூணு தடவை வச்சேன், மாமா."

"அதான். புது எஞ்சினை அப்படிச் சும்மா ஓட விடலாமா? பழக்கத் தெரிய வேணாமா?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். வீட்டில் அவன் அக்கா பிடித்துக்கொண்டாள். "அவரு உனக்காக ஒன்பது நாள் உயிரை விட்டு வேலை பார்த்தாரு. உனக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா?" இவர் எதிரிலேதான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவமானம் பிடுங்கியது.

மறுபடி எஞ்சினைப் பிரித்தார். சிலிண்டரைச் சொரசொரப்பாக்கி, புது ரிங் மாட்டி, இந்தத் தடவை மினரல் ஆயிலை ஊற்றினார். புகை நின்றுபோனது. மைத்துனன் அவர் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னான். நான்கு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வேன் வந்தது. ஸ்டியரிங்கில் வேறு யாரோ ஒருவன் இருந்தான். மைத்துனன் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினான்.

"ஏன்டா, நீ ஓட்டலையா?"

"வேணாம், மாமா. இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு எஞ்சினைப் பழக்கத் தெரியல. அதான் டிரைவர் வச்சுட்டேன். நான் ரொட்டி இறக்கிப் போடுறேன்."

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அன்று நின்ற அதே ஆட்கள் இன்றும் நின்றார்கள். இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

"மாப்ளே, தப்பு உன்னோடது இல்ல. நான்தான் ஊத்தக் கூடாத எண்ணெயை ஊத்தினேன். அது அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பழியை உன் தலையில போட்டேன்."

மைத்துனன் வேன் கதவைச் சாத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நீங்க எந்த டின்னை உடைச்சீங்கன்னு நானும் பார்த்தேன், மாமா. வழக்கமாச் சொல்றதுக்கு மாறா இருக்கேன்னு நெனச்சேன். ஆனா தப்பு என்மேலதான்னு நீங்களே சொன்னப்புறம், நான் கண்ணால பார்த்ததையே நான் நம்பல."

எண்ணெய் மாற்றி முடித்ததும் டிரைவர் சாவியை அவனிடம் நீட்டினான். அவன் கையை நீட்டவில்லை. "நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.