முத்தையாபுரம் உப்பளத்தில் பூநாரை

மாசி மாதத்துச் சனிக்கிழமை. விடிந்தும் விடியாமலும் ஆத்தூரில் கரி பஸ் ஏறினேன். யுத்தத்தினால் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி. மேடு வந்தால் நாம் இறங்கி நடக்க வேண்டும். என் மடியில் பெட்டிக் காமிரா, அதற்குள் ஒரே ஒரு பிலிம் சுருள். தூத்துக்குடி ஸ்டூடியோக்காரர் இதுதான் கடைசி என்று அரை மனதாகக் கொடுத்தது.

எதற்கு இந்தப் பாடு? நாசரேத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு சயன்ஸ் வாத்தியார் இருக்கிறார். உப்பளத்தில் பூநாரை பார்த்தேன் என்று நான் சொன்னதற்கு, "கொக்கப் பாத்துட்டு வந்து கத விடுதியளே டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்த வாயை அடைக்காமல் எனக்கு உறக்கம் கொள்ளாது. நான் அப்படிப்பட்ட பிறவி.

முத்தையாபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தூத்துக்குடி அங்கிருந்து நான்கு மைல். வரப்போடு நடந்தால் கடல்நீரைத் தேக்கி வைக்கும் தெப்பம் வரும். அங்கே கூட்டமாக நின்றன, வளைந்த அலகைக் கவிழ்த்துச் சேற்றை அரித்தபடி. சிறகோரம் நல்ல சிவப்பு. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் பெட்டிக் காமிராவில் தூரத்துப் பறவை எறும்பளவுதான் விழும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, படம் எடுத்து எடுத்து நகர்ந்தேன். ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது.

"ஏளா, அங்கன என்ன செய்த?" என்று எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம். உப்பளக் காவலர். தடியோடு பறவைகளுக்கு நடுவிலேயே ஓடி வந்தார். தலைப்பாகை தண்ணீரில் விழுந்தது. பூநாரைகள் தண்ணீர்மேல் ஓடித்தான் எழும்பும். அவரும் ஓட, அவையும் ஓட, பாவி மனுஷன் கெடுத்தானே என்ற ஆத்திரத்தில் பொத்தானை அமுக்கினேன்.

வந்ததும் காமிராவைப் பிடித்தார். "பெட்டியத் தொறங்க. யுத்த நேரத்துல தொறமுகத்துக் கப்பலப் படம் புடிச்சியளோ என்னமோ."

கூலிப் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது மடியை உதறச் சொல்லி உப்புத் தேடுகிறவர் அவர். காமிராவும் அப்படி உதறுகிற மடிதான் என்று நினைத்துவிட்டார்.

"தொறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் அழிஞ்சிரும். பெறவு எதக் காட்டி என்னப் புடிச்சுக் குடுப்பிய? ஸ்டூடியோவுக்கு வாங்க, கழுவிப் பாப்போம். அதுவரைக்கும் இதத் தர மாட்டேன்."

யோசித்தார். நனைந்த தலைப்பாகையைப் பிழிந்தபடி, நான் யார், எங்கே டீச்சர் என்று விசாரித்துக்கொண்டே கூட வந்தார்.

ஸ்டூடியோ இருட்டறையிலும் என் பக்கத்திலேயே நின்றார். கழுவிய படங்களில் கப்பலும் இல்லை, பறவையும் இல்லை. தண்ணீரும் சில புள்ளிகளும்தான். கடைசிப் படம் மட்டும் தெளிந்தது. கொஞ்சம் கலங்கல்தான். வாயைத் திறந்தபடி காவலர், அவர் தோளுயரத்துக்கு இரண்டு பூநாரைகள், நீண்ட கழுத்து, வளைந்த அலகு, எல்லாம் அவருக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தன.

"டீச்சரம்மா, இதக் கிழிச்சுப் போடுங்க. தலப்பா இல்லாம ஓடுதேன். ஊரே சிரிக்கும்."

"என்னப் பாத்தும் ஊரு சிரிச்சாச்சு அண்ணாச்சி. கிழிக்க மாட்டேன்."

திங்கட்கிழமை அதைச் சயன்ஸ் வாத்தியார் மேஜையில் வைத்தேன். கறுப்பு வெள்ளையில் சிவப்புத் தெரியாது, கொக்கு என்று மறுபடி சொல்லட்டும் என்று எதிரிலேயே நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நடுவில ஓடுதாரே, இவர் யாரு?"

"என் சாட்சி" என்றேன்.