தலைக்கு லைட் டியூட்டி

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு, நோயாளியாக இருப்பதே முழுநேர உத்தியோகம். இதில் வார விடுமுறை கிடையாது. என்னைப் போலத் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் சக உத்தியோகஸ்தர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் கரி போகும் கன்வேயர் பெல்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் கேபினில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் நான். ஆபரேஷன் முடிந்தபின் எனக்கு இருந்த ஒரே ஆசை, அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும் என்பதுதான்.

எல்லோருக்கும் வரும் தலைவலி

ஆரம்பத்தில் காலையில் எழுந்தால் தலை பிளக்கும், வாந்தி வரும். மத்தியானம் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிடும். நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். என்னோடு கேபினில் இருந்த ராஜேந்திரனிடம் சொன்னேன். அவன் தைலத்தை நீட்டிக்கொண்டே சொன்னான்:

"ராத்திரி முழுக்க சி ஷிஃப்ட் பாக்கறவன் எவனுக்குத்தான் தலைவலி இல்ல? அப்படிப் பாத்தா மைன்ஸ்ல பாதிப் பேருக்குத் தலையில கட்டிதான்."

துண்டு

சென்னையில் ஆபரேஷன் ஆகிக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, பல சாமான்களின் பெயர்கள் என்னோடு திரும்பவில்லை. குளித்துவிட்டு உள்ளிருந்து துண்டு கேட்கிறேன். வாயில் 'ஹெல்மெட்' என்று வருகிறது. தப்பென்று தெரிகிறது, சரியானது வரமாட்டேன் என்கிறது. ஈரத்தோடு நின்று மறுபடியும் ஹெல்மெட் கேட்டேன். குழாய் வால்வு ஆகிவிட்டது. குக்கர் சத்தம் அடங்கினால், பெல்ட் தானாக நின்றுபோன மாதிரி, "ட்ரிப் ஆயிடுச்சு" என்கிறேன். என் மனைவி சாந்தி துண்டைக் கொடுத்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கேட்டாள்:

"டாக்டருங்க மைன்ஸை அப்படியே உள்ள விட்டுட்டு, வூட்டை மட்டும் எடுத்துட்டாங்களா?"

பார்க்க வந்தவர்

நெல்லிக்குப்பத்திலிருந்து சாந்தியின் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டி என்ன சைஸ் என்று கேட்டார். எலுமிச்சம்பழம் அளவு என்று சாந்தி சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"அவ்ளோதானா? எங்க ஃபேக்டரியில ஒருத்தருக்குச் சாத்துக்குடி சைஸு. அவரே இன்னும் பைக் ஓட்டிக்கினு இருக்காரு."

அடுத்த பிளாக்

தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, கை போன இடத்தில் இருந்த சுவிட்சைத் தட்டி, ஃபேனடியில் உட்கார்ந்து காபி கேட்டேன். டம்ளர் வந்தது. இரண்டு வாய் குடித்தபிறகுதான் சுவரில் இருந்த கல்யாண போட்டோவைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கல்யாணம்.

எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. நான் உட்கார்ந்திருந்தது செல்வத்தின் வீடு. பெல்ட்டடியில் சிந்தும் கரியை வாரிப் போடுகிற, எங்கள் செக்ஷன் ஆள். டம்ளரோடு வந்தவர் அவர் மனைவி, சேத்தியாத்தோப்புக்காரர். வெட்கத்தை மறைக்க, "காபி பிரமாதம்மா" என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"அது டீங்க அண்ணே. பொறுமையா குடிங்க, அண்ணிக்குப் போன் போட்டுட்டேன்."

மூக்கும் வேலைக்கு வரவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

செல்வத்தின் கை

மாதங்கள் போயின. சொற்கள் ஏறக்குறைய திரும்பின. டாக்டர் ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தேன், பக்கத்தில் ராஜேந்திரன். பெல்ட் ஓடுமுன் சைரன் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் விலகி நின்று கையை உயர்த்திப் பிடித்தால் ஓட்டலாம், ஆட்டினால் ஓட்டக்கூடாது. சைரன் கொடுத்தேன். கீழே செல்வம் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஆட்டினால் ஓட்டு என்பதா, ஓட்டாதே என்பதா? எத்தனையோ வருஷம் பார்த்த கை அது. அந்த நிமிஷம் எனக்கு அர்த்தம் நினைவுக்கு வரவில்லை. விரல் பட்டன் மேலேயே இருந்தது. பயந்துபோய் விரலை எடுத்துக்கொண்டேன். எழுந்து ராஜேந்திரனை உட்காரச் சொன்னேன். அன்றே சூப்பர்வைசரிடம் போய், எனக்கு இந்த வேலை வேண்டாம் என்றேன். வெளியே வந்து அழுதேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வத்திடம், என்ன சிக்னல் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சிக்னலே இல்லீங்க அண்ணே. உங்கள சீட்ல பாத்த சந்தோஷத்துல கைய ஆட்டினேன்."

இப்போது எனக்கு ஸ்டோரில் லைட் டியூட்டி, ஆட்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்த ஒரு சொல்லாவது கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.