சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் பாசி

மலேசியாவின் ஈப்போ நகரில் நான் உயிரியல் கற்பித்த இடைநிலைப்பள்ளியில், ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் ஒரு குழாய் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. வெயில் எட்டாத அந்தச் சிமெண்டுத் தரையில் பாய் அகலத்துக்குப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்த அக்கா அதைத் தேய்க்கக் குனிந்தபோது ஓடிப்போய்த் தடுத்தேன். மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்ட எனக்கு உயிருள்ள பாசி வேண்டும். சுண்ணக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டு, இதற்குள் கை வைக்காதீர்கள் என்றேன்.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவின் புந்தோங் பகுதிக்குக் குடிவந்து, குத்தகை நிறுவனம் ஒன்றின் கீழ் வேலை பார்த்தார். ஒருநாள் அவரையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். பச்சை உருண்டைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு உயிர் இருக்கா டீச்சர்? தோட்டத்துல குளிக்கிற தொட்டியில இத எவ்வளவு தேச்சித் தள்ளிருப்பேன் லா" என்றார். அதன்பின் கோட்டைத் தாண்டி அவருடைய துடைப்பம் போனதில்லை. கோடு மங்கினால் அவரே வந்து சுண்ணக்கட்டி கேட்பார்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் மாணவி ஒருத்தி அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் பின்தங்கி, மழையில் கரைந்தது போக மிச்சமிருந்த கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தேன். பயம்தான், வேறென்ன? வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஏன் கழுவவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டபோது அக்கா ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தேன். "கவனிக்கல சார், என் தப்புதான்" என்றார் அக்கா. அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் துடைப்பத்தோடு வந்தார்.

பாசி பிடித்த சுவரைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு முகம் கூசும். மழைக்குக் குறைவில்லாத ஈப்போவில் அது இல்லாத சுவர் ஏது? பணி ஓய்வு பெற்றும் அந்தக் கூச்சம் விடவில்லை.

சென்ற மாதம் புந்தோங் சந்தையில் அக்காவைப் பார்த்தேன். நழுவிவிடலாம் என்று திரும்பியவளை அவரே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீங்க ஆபீஸ்ல எவ்வளவோ பேசியிருப்பீங்க, எனக்குத் தெரியும் டீச்சர். நான் உண்மைய சொன்னா உங்க பேரு கெட்டுடும்லா, அதான் வாயத் தொறக்கல" என்றார்.

இல்லை அக்கா, உங்களுக்காக நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை, பறிபோக எனக்கு வேலையும் இல்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.