மிதவை போன திசையில் படகு போகவில்லை

காலை பதினொன்று இருபதுக்குப் படகுக்காரர் என்ஜினை அணைத்தார். அதற்குச் சற்று முன்புதான் என் மகள் உட்கார்ந்திருந்த ரப்பர் மிதவை, புதர் மண்டிய ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு கண்ணிலிருந்து மறைந்திருந்தது. நான் அந்தத் திட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

ஆற்றோடு இரண்டு நாள் பயணம் என்று சொல்லித்தான் எங்கள் ஏழெட்டுப் பேரை ஒரு சுற்றுலா நிறுவனத்தார் அழைத்து வந்திருந்தார்கள். முதல் நாள் ஆரணி ஆற்றங்கரையில் நடை, இரவு கூடாரம். மறுநாள் மிதவையில் ஆற்றிலிருந்து பழவேற்காடு ஏரிக்குள் இறங்கி லைட்ஹவுஸ் குப்பத்தில் கரையேற வேண்டும். பிளஸ் டூ முடித்த மகளுக்காக ஒத்துக்கொண்டேன். "நீயும் வாம்மா. வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கிட்டே வரலாம்" என்று அவள் கேலி செய்தாள். அப்படித்தான் வந்தேன். முதல் நாள் நடையிலேயே முழங்கால் வீங்கிவிட்டதால், இரண்டாம் நாள் என்னை மட்டும் மிதவைக்குப் பின்னால் வரும் ஒரு ஃபைபர் படகில் ஏற்றினார்கள்.

வழிகாட்டியாக வந்த இளைஞனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இமயமலை ஆறுகளில் பயிற்சி பெற்றவன் என்று அவனே இரண்டு முறை சொன்னான். நனைந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கி, அந்தப் பையைத் தன்னோடு மிதவையில் வைத்துக்கொண்டான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ரிலாக்ஸ் ஆன்ட்டி" என்றான். தூரத்தைச் சொல்லவில்லை. மகளுக்குச் சரியாக நீந்தத் தெரியாது என்றேன். லைஃப் ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

படகுக்காரர் கோட்டைக்குப்பத்து மீனவர். என் வயதுதான் இருக்கும்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதுக்கு மேல நான் வரமாட்டேம்மா."

"டீசல் இல்லையா?"

"அதெல்லாம் கீது. இன்னிக்கி இங்க எங்க பாடு இல்ல."

சுற்றிலும் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே தண்ணீர். கோடு கிடையாது, பலகை கிடையாது.

"இந்த எடத்துல இறால் வலை கட்டுறதுக்கு ஊருக்கு ஒரு நாள்னு மொறை வெச்சிக்கினு கீறோம். அதான் பாடு. அடுத்த ஊரு பாட்டுல எங்க படகு பூந்துச்சின்னா நான் பஞ்சாயத்துல நிக்கணும்."

நான் நம்பவில்லை. என் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. போன்கள் அவனிடம். பெண் கண்ணுக்கு மறைவில். இவர் சரியாக இங்கே வந்து நிறுத்துகிறார். இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். அதற்குள் அவர் தன் போனை எடுத்துத் தெலுங்கில் யாரிடமோ வேகமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது, பெண்பிள்ளையைக் குறிக்கும் 'அம்மாயி' என்ற ஒரு சொல்தான்.

"என் பொண்ணப் பத்தி யார்கிட்ட பேசறீங்க?"

"அந்த ஊர்க்காரங்களாண்டதான். மிதவையில பொண்ணுங்க கீது, வலையாண்ட ஆளு நில்லுங்கன்னு சொன்னேன்."

"எதுக்கு நிக்கணும்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "இப்ப தண்ணி கடலுக்கு இழுக்குற நேரம். மிதவை அவங்க வலையில தட்டி நின்னா நல்லது. வலைக்கு அந்தாண்ட முகத்துவாரம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு சாய்ந்தது.

"குந்தும்மா. நீ உழுந்தா நான் குதிக்கணும். எனக்கு ஏற்கெனவே ஜலதோஷம்."

"இதை அவன்கிட்ட காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"அந்த ஊர்ல கேட்டுக்கினுதான் வந்திருப்பாருன்னு நெனச்சேன். அவங்க பாட்டப் பத்தி எங்க ஊர்க்காரன் வாயத் தொறக்கக் கூடாதும்மா. தொறந்தா, அவங்க இறால் மேல நாங்க கண்ணு வெக்கிறோம்னு ஆயிடும்."

போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். "கூப்டு. உன்னாண்ட போன் ஏது? இந்தா" என்று தன் போனை நீட்டினார். நான் மகளின் எண்ணைத்தான் அழுத்தினேன். எங்கோ ஒரு பைக்குள் அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். இன்றும் மகள் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் போய்க் கதவைத் தட்டுகிறேன். "உயிரோடதான் இருக்கேன்" என்று உள்ளிருந்து சொல்வாள். அந்தப் பதில் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

காற்று மாறும்போதெல்லாம் கடலின் இரைச்சல் கேட்டது. ஒருமுறை அவரிடம் கெஞ்சினேன். பஞ்சாயத்தில் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அவர் துடுப்பால் தண்ணீரைத் தள்ளி, படகு அந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் அவரும் உட்காரவில்லை. திட்டின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது, யாரை எதிர்பார்க்கிறார் என்று.

கடைசியில் திட்டுக்குப் பின்னாலிருந்து வேறொரு படகு வந்தது. அதை ஓட்டி வந்தவன் கால்பந்தாட்டப் பனியன் போட்ட, தடித்த ஆள். அவன் இடுப்பில் செருகியிருந்த கத்திதான் முதலில் என் கண்ணில் பட்டது. அதன்பிறகுதான், குவித்துப் போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தேன்.

"அம்மா, திட்டாதே" என்றாள். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. வழிகாட்டி, படகின் கடைசியில் போன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

பனியன்காரன் எங்கள் படகுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா நைனா, அம்மாவ வேடிக்க காட்ட இட்டாந்தியா?"

"நான் எல்லையத் தாண்டல. பாத்துக்க."

"பாத்தேன், பாத்தேன்." அவன் வழிகாட்டியின் பக்கம் திரும்பினான். "இமயமலையெல்லாம் எறங்கினவராமே. எங்க வலையில இறாலாட்டம் மாட்டிக்கினாரு."

மகளைக் கைப்பிடித்து எங்கள் படகுக்கு மாற்றிவிட்டான். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"மத்தவங்க திட்டு மேல பத்திரமா கீறாங்க. இந்தப் பொண்ணு மட்டும் தண்ணில உழுந்து கால்ல வலை சுத்திக்கிச்சி, அறுத்துதான் எடுத்தோம்" என்றான் என்னிடம். "இன்னிக்கி எங்க பாடு, தண்ணி இழுப்பும் ஜாஸ்தி, வராதீங்கன்னு நேத்து சாயந்தரமே இவராண்ட வந்து சொன்னோம். சரிண்ணா, சரிண்ணான்னு தலைய ஆட்டினாரு."

வழிகாட்டி பையிலிருந்து என் போனை எடுத்து நீட்டினான்.

"அடுத்த தபா இந்தப் பக்கம் வந்தா எங்கள கேளும்மா" என்றான் பனியன்காரன். "இவர கேக்காத."