ராட்சதனுக்குப் பத்து நாள் தீட்டு

அடிவாங்கிய பொம்மையின் அடித்தட்டை ஒரு பல் திருப்பினால் 'கிடுக்' என்று ஒரு சத்தம் வரும். பதினொரு வயதில் அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டதைவிட அடிவயிற்றில்தான் அதிகம் கேட்டது.

சுண்டுவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகள் அவை. வட்ட அடித்தட்டுக்குள் எண்கள் அச்சிட்ட ஒரு சக்கரம் இருக்கும். சின்னச் சன்னல் ஒன்றின் வழியாக, தாக்கும் பலம், தாங்கும் பலம் என்று இரண்டு எண்கள் தெரியும். அடி விழ விழ சக்கரம் நகர்ந்து எண்கள் குறையும்; எண்களுக்குப் பதிலாகச் சிவப்புக் கட்டம் தெரிந்தால் அந்தப் பொம்மை "தீர்ந்தான்". எங்கோ விற்காமல் தேங்கிய சரக்காக, உள்ளே எந்தப் பொம்மை இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டிகளில், அவை ஆரியசாலையில் சுஜாவின் அப்பா நடத்திய மொத்தக் கடைக்கு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கின. கடையின் மாடியறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. சனிக்கிழமை மத்தியானம் சுஜா, ஹரி, மணி, நான்.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவராகத்துக்கு வந்திருந்தோம். பள்ளியில் எல்லாம் மலையாளம்; நான் வாய் திறந்தால் கடைசி பெஞ்சு வரை சிரிப்பு பரவும். வாரத்தில் நான் தயங்காமல் பேசிய இடம், நால்வரும் தமிழ் பேசிய அந்த மேஜை ஒன்றுதான். அதற்கு ஒரு சட்டம் இருந்தது: தொடர்ந்து மூன்று சனிக்கிழமை தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். மாடிப்படியில் சுஜாவின் அத்தை பிள்ளைகள் இருவர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

என் பொம்மைகளில் முக்கியமானவள், பச்சை அங்கி அணிந்து வில் ஏந்திய வில்லி. ஐம்பது பாயிண்ட் பொம்மை; இரு பக்கமும் சம பாயிண்டுக்குத்தான் பொம்மைகளை இறக்கலாம். தாக்குதல் ஒன்பது, தாங்குதல் பதினாறு. முதல் அட்டைப்பெட்டி வந்தபோது அவளை வெல்ல ஆளில்லை. இரண்டாவதில் அதே ஐம்பது பாயிண்டுக்குப் பதினொன்று தாக்கும் வீரர்கள் வந்தார்கள். மூன்றாவது வந்தபோது, பாசிமணி நிறுக்கக் கடையில் வைத்திருந்த சின்னத் தராசில் ஹரி மூடிய பெட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்தான். உள்ளே இருந்தது கதாயுதம் ஏந்திய ராட்சதன். பாயிண்ட் அதே ஐம்பது. தாக்குதல் பதின்மூன்று, தாங்குதல் பதினெட்டு.

"வில்லிக்கு வயசாயிடுத்துடி, பென்ஷன் வாங்கிக்கச் சொல்லு" என்றான் ஹரி.

நான் நோட்டில் கணக்குப் போட்டேன். இரண்டு பகடையின் கூட்டலோடு தாக்கும் எண் சேர்ந்து எதிராளியின் தாங்கும் எண்ணைத் தொட்டால் அடி. ராட்சதன் என் வில்லியை அடிக்கத் தவற வேண்டுமானால் இரண்டு பகடையிலும் ஒன்று விழ வேண்டும். வில்லி அவனை அடிக்க ஒன்பதோ அதற்கு மேலோ விழ வேண்டும். முப்பத்தாறில் பத்து வாய்ப்பு. அந்தக் கணக்கை முடித்தபோது என் விரல்கள் சில்லிட்டிருந்தன. நானும் மணியும் அதற்குள் ஒரு சனிக்கிழமை தோற்றிருந்தோம்.

சுஜாவின் அப்பாவிடம் முறையிட்டேன். பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "பழசே ஜெயிச்சிட்டு இருந்தா புதுப் பெட்டிய எவன் மக்களே வாங்குவான்?" என்றார்.

அப்போதுதான் தீட்டு நினைவுக்கு வந்தது. சித்திக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் எங்கள் வீட்டில் பூஜை இல்லை, கோவில் இல்லை. புதிதாகப் பெட்டியிலிருந்து வந்தவனும் பிறந்தவன்தானே, அவனுக்கும் பத்து நாள் தீட்டு, அதுவரை அவன் மேஜை ஏறக்கூடாது, யாரும் தொடவும் கூடாது என்றேன். ஹரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வார்த்தையை எதிர்த்துப் பேச அவனுக்கும் துணிச்சல் இல்லை. "கொள்ளாமே, நல்ல சட்டம்" என்று சுஜா என்னையே நோட்டில் எழுதச் சொன்னாள். ராட்சதன் ஒரு பவுடர் டப்பாவுக்குள் போய் அலமாரியில் உட்கார்ந்தான். அது புதன்கிழமை.

பத்து நாள் எனக்குக் கிடைத்தது பயப்படுவதற்குத்தான். அவன் எந்த நாளில் எழுந்து வருவான் என்பதை நானே எழுதிவைத்திருந்தேன். இடையில் வந்த சனிக்கிழமை அவன் இல்லாமலே தோற்றேன், மணியும் தோற்றான். எங்கள் இருவருக்கும் இரண்டு தோல்வி. பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூடத் திடுக்கிட்டு எழுந்தேன்.

எட்டாம் நாள் மாலை, மறந்து வைத்த குடையை எடுக்கும் சாக்கில் மாடிக்குப் போனேன். கீழே லாரிக்காரனோடு சுஜாவின் அப்பா பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்து ராட்சதனின் சக்கரத்தை நான்கு பல் திருப்பி, சன்னலில் தெரிந்த எண்கள் மேல் கடையின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அப்பினேன். எட்டு அடி தாங்குகிறவன் இனி நான்கில் சாவான். பழையபடி முதல் எண்ணுக்குத் திருப்பிவைத்தேன். டப்பாவை மூடும்போது மூடி இரண்டு முறை கீழே விழுந்தது.

சனிக்கிழமை ஹரி என் எதிரில் உட்கார்ந்தான். ராட்சதன் என் வில்லியை மூன்றாவது சுற்றிலேயே தீர்த்தான். மிச்சமிருந்த என் பொம்மைகளை வைத்துக்கொண்டு நான் பகடை உருட்டினேன். ஒரு அடி. வெகுநேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது விழுந்தபோது ஜெயிக்கப் போகிறோம் என்பதைவிட, இன்னும் ஒரு பல்லில் அந்தச் சிவப்பு வெளியே வரப்போகிறது என்பதே மனதில் இருந்தது; இனிமேல் அடி விழவே கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். பதினொன்று விழுந்தது. ஹரி அடித்தட்டைத் திருப்பினான்.

"தீர்ந்தான்" என்றாள் சுஜா.

ஹரி நம்பாமல் சன்னலை அழுத்தித் துடைத்தான். வியர்வை பட்ட அவன் கட்டைவிரல் சிவந்தது. சிவப்புக்கு அடியிலிருந்து ஒரு ஒன்பது மெல்ல எழுந்து வந்தது.

"யாரோ கை வச்சிருக்கா." அவன் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு மணியை. தோற்றால் எழ வேண்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

"தீட்டுன்னு சொன்னவளே தொடுவாளா?" என்றாள் சுஜா. "சும்மா இரு ஹரி, அவ எழுதின சட்டமில்லியா?"

நான்கு பேரில் மூன்று பேருக்கு அது போதுமானதாக இருந்தது. மணிக்குக்கூட. "நான் தொடல. அம்மா சத்தியமா" என்றான்.

"பின்ன யாரு, சுவத்துப் பல்லியா?" என்றான் ஹரி.

மணி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லக் காத்திருந்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் தரையில் கிடந்த பகடையைக் குனிந்து எடுத்தேன், எடுத்த பிறகும் நிமிரவில்லை. அதுவரை எங்களோடு தமிழ் மட்டுமே பேசிய மணி, "மதி, ஞான் போகுன்னு" என்று, போதும், நான் போகிறேன் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டுத் தன் பொம்மைகளைச் சோற்று டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கினான். பிறகு தெருவில் பார்த்தாலும் எங்கள் யாரிடமும் அவன் தமிழ் பேசவில்லை.

என் நாற்காலி எனக்கே இருந்தது. அடுத்த அட்டைப்பெட்டியில் பதினைந்து தாக்குகிறவன் வந்தான். தராசு அவனையும் ஹரிக்குக் காட்டிக்கொடுத்தது. மணியின் இடத்துக்கு வந்த அத்தை மகன் மூன்று வாரத்தில் எழுந்தான், அவனுக்குப் பின் வந்தவனும், கடைசியில் நானும் அப்படியே. மழை தொடங்குவதற்குள் ஹரியின் எதிரில் உட்கார ஆளில்லாமல் ஆட்டம் நின்றது.

இன்று அந்த மாடியறை செல்போன் உறைகளின் கிடங்கு. சுஜாவின் குடும்பம் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பொம்மைகளை எந்தக் கடையிலும் நான் பிறகு பார்க்கவில்லை. சென்ற மாதம் நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் செய்திக்காகக் கழக்கூட்டத்தில் போன் விளையாட்டுகள் செய்யும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மாதம் ஒரு புது வீரனை, பழையவர்களைவிடச் சற்றே பலமாக, யாருக்கும் உறுத்தாதபடி இறக்குவதே தன் வேலை என்று ஒரு பெண் விளக்கினாள். அங்கே கேன்டீனில் என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். மணி, தலை பாதி நரைத்திருந்தது.

டீ குடித்தோம். மலையாளத்தில்தான் பேசினான். அன்றைக்கு அதைச் செய்தது யாரென்று உனக்காவது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நாற்பதை நெருங்கும் என் விரல்கள் டம்ளரில் சில்லிட்டன. ஹரியேதான் செய்திருப்பான், உன்னைத் துரத்த, என்றேன். மணி தலையாட்டினான். முதலில் உன்னைத்தான் நினைத்தேன், சட்டம் எழுதியவள் நீயாயிற்றே என்று விட்டுவிட்டேன் என்றான். கிளம்பும்போது எந்தப் பத்திரிகை என்று விசாரித்தான். சொன்னேன். தமிழ் படிக்கவே மறந்துவிட்டது என்றான்.

அவன் வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.