பேஸ் கிடார் வாசித்தது எஸ்தர்

போன மாதம் இந்தப் பத்தியில் ஒரு ஆல்பத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் ரொம்ப நல்லது. அப்படியே மறந்துவிடுங்கள்.

அதில் நான் எழுதியது பொய்.

'பேஸ் கிடாரைக் கவனியுங்கள்... ஆல்பத்தின் நாயகரே அதையும் வாசித்திருக்கிறார். அந்த விரல்களை இருட்டில் கேட்டாலும் நான் அடையாளம் சொல்லிவிடுவேன்' என்று எழுதியிருந்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள்! பட்டப்பகலில் கேட்டே என்னால் சொல்ல முடியவில்லை. வாசித்தது அவர் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒரு பெண்.

மானம் போனது போனதுதான், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். என் இயர்போனில் இடது பக்கம் வேலை செய்வதில்லை. பல மாதங்களாகவே! திருநின்றவூரிலிருந்து சென்னைக்குப் போகிற லோக்கல் ரயிலில், சமோசா விற்பவரின் குரலுக்கும் சீட்டுக்கு நடக்கும் சண்டைக்கும் நடுவே, ஒற்றைக் காதில் கேட்டுவிட்டுத்தான் இந்த இசை விமர்சகர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

என் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஜாஸ் ஃப்யூஷன் என்பது ஜாஸையும் ராக்கையும், கைக்குக் கிடைத்தால் நம் மிருதங்கத்தையும், ஒரே குக்கரில் போட்டு விசில் விடுகிற இசை. வாய்ப்பாட்டு அநேகமாக இருக்காது. எல்லாவற்றையும் அடியில் தாங்கி நிற்பது பேஸ் கிடாரின் கனத்த நாதம். என் மனைவி இதை 'உங்க மெஷின் சத்தம்' என்பாள்.

ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் நான் அதோடு நிறுத்த மாட்டேன். இதில் டிரம்ஸ் யார்? அவர் வேறு யாரோடு வாசித்திருக்கிறார்? அங்கே பியானோவில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவர் தனியாக ஏதாவது செய்திருக்கிறாரா? கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் உறவு விசாரிப்பார்களே... 'அட, அப்ப நீ நம்ம ஆளுக்குச் சகலை முறையாச்சே!' அதே சுகம்தான் இதிலும். இப்படிப் போய்ப் போய், முன்பின் தெரியாத எத்தனையோ கலைஞர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

ஆனால் உறவு விசாரிக்கப் பேர் வேண்டுமே? இசைத்தட்டுக் காலத்தில் உறையைத் திருப்பினால் யார் எதை வாசித்தார்கள் என்று அச்சடித்திருக்கும். இப்போது ஆப்பில் ஒரு படம், ஒரு பேர். அவ்வளவுதான். நானும் அந்த ஒற்றைப் பேரைப் பார்த்தேன். எல்லாம் அவரே வாசித்திருப்பார் என்று முடிவுகட்டினேன். அதையே அடித்துச் சொல்லிவிட்டேன்.

பத்தி வெளிவந்து மூன்று வாரம் கழித்து ஒரு போன். பத்திரிகை ஆபீஸில் கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"சார், என் பேரு எஸ்தர். நீங்க எழுதின அந்த ஆல்பத்துல பேஸ் வாசிச்சது நானு."

"அப்படியா? நல்லா... நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நான் வாசிச்சது எனக்குத் தெரியாதா சார்?"



எஸ்தர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தன் கிறிஸ்தவ சபையில் பேஸ் கிடார் வாசிப்பார். கற்றுக்கொண்டதும் அங்கேதான். கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் சென்னை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போக, ஆல்பம் முழுக்க வாசித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். எஸ்தரும் சந்தோஷமாக எழுந்து, 'கர்த்தரோட கிருபையால ஒரு ஆல்பத்துல வாசிச்சேன்' என்று சொல்லியிருக்கிறார். 'ஆமென்' சொல்லிக் கை தட்டியிருக்கிறார்கள். ஆல்பம் வெளியானதும் ஆளாளுக்குப் போனில் தேடியிருக்கிறார்கள். எஸ்தர் பேர் இல்லை. லேசாக முணுமுணுப்பு.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது என் பத்தி. யாரோ அதைப் போட்டோ எடுத்து சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

"பத்திரிகையிலயே போட்டுட்டாங்க, அவுருதான் வாசிச்சாருன்னு. அப்ப நீ சொன்னது பொய் சாட்சிதானன்னு கேக்கறாங்க சார். பொய் சாட்சி சொன்னவ ஆராதனையில வாசிக்கக் கூடாதுன்னு பாஸ்டர் ஐயா கிடாரை வாங்கி வச்சிக்கினாரு. அது சபை கிடாரு. என்கிட்ட வேற இல்ல."

"திருப்பிக் கேட்டுப் பார்த்தீங்களா?"

"எல்லாரு முன்னாடியும் மன்னிப்பு கேட்டா தர்றேன்னாரு. செய்யாத தப்புக்கு இன்னான்னு சார் மன்னிப்பு கேக்கறது?"

போனை வைத்துவிட்டு, ஆல்பத்தின் நாயகரான அந்த மகாகலைஞரைக் கூப்பிட்டேன். பத்தி வந்த அன்றே என் போனுக்குக் கும்பிடு போடும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளியவர் அவர். 'பேஸ் நான் வாசிக்கவில்லை' என்று மட்டும் அனுப்பவில்லை.

"சார்! உங்க ரைட்டப்பை ஃப்ரேம் போட்டு ஸ்டூடியோவுல மாட்டியிருக்கேன்!"

"கழட்டிடுங்க. பேஸ் வாசிச்சது யாரு?"



"கான்செப்ட் என்னோடது சார்."

"கான்செப்ட்டை வாசிச்சது யாரு?"

"ஒரு பொண்ணு... எஸ்தர்னு நினைக்கிறேன். செஷனுக்கு வந்தாங்க, வாசிச்சாங்க, பிரியாணி சாப்பிட்டாங்க, போனாங்க. காசுக்கு வந்து வாசிக்கிற செஷன் ஆளுங்க பேரெல்லாம் போடற வழக்கம் இல்ல சார். ஆப்ல அதுக்கு இடமும் கிடையாது."

இடம் கிடையாதா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் துழாவினேன். மூலையில் மூன்று புள்ளி. அதை அமுக்கினால் ஒரு பட்டியல். இசையமைப்பு: அவர். தயாரிப்பு: அவர். பாடல் வரிகள்... அதுவும் அவர்!

பாடல் வரிகள்! அந்த ஆல்பத்தில் வாயைத் திறந்து யாரும் தும்மக்கூட இல்லை. இல்லாத வரிகளை எழுதியவருக்குப் பேர் உண்டு. விரல் தேய வாசித்தவளுக்கு இடம் இல்லை.

மறுபடி கூப்பிட்டு, ஆப்பில் இடம் இருப்பதைச் சொன்னேன். "அடுத்த ஆல்பத்துல பார்த்துக்கலாம் சார்" என்றார்.

எனக்குப் பொதுவாகக் கோபம் வந்தால் ஏப்பத்தோடு போய்விடும். இது போகவில்லை. ஒரு காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தால், ஒன்றுவிட்ட மாமனின் மச்சான் வரை கூலிங் கிளாஸ் போட்டோவோடு பேர் போடுகிற ஊர் இது. அந்த மச்சான் விழாவுக்கு வருவாரா என்பதே சந்தேகம். வந்து, வாசித்து, ஆல்பத்துக்கே முதுகெலும்பாக நின்ற ஒருத்தியின் பேரை நாலு எழுத்தில் அடிக்க இவருக்கு வழக்கம் இல்லையாம். யார் உண்டாக்கிய வழக்கம் இது? பேர் போடாதவர்கள் உண்டாக்கியதுதானே?

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? அவர் பேரை மறைத்தார். மறைத்ததன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவன் நான். ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். ஊர் பேர் தெரியாத டிரம்மருக்கெல்லாம் உறவுமுறை விசாரிக்கிறவன், பக்கத்து ரயில் லைனில் இருப்பவளை விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மேற்கே இருக்கும் திருநின்றவூரிலிருந்து வடக்கே இருக்கும் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக, முதலில் கிழக்கே சென்ட்ரலுக்குப் போக வேண்டும். பிறகு வேறு ரயில். வழியெல்லாம் மனசுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே போக இது வசதியான பாதை.

நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஷீட் போட்ட கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலிலேயே பாஸ்டரைப் பிடித்தேன். சாந்தமான மனிதர்.

"நாங்களா ஒண்ணும் சொல்லல பிரதர். எழுத்துலயே வந்திருக்குதே?"

"அந்த எழுத்தை எழுதினவன் நான்தாங்க."

"அப்ப நீங்க எழுதினது பொய்யா?"

"பொய்தான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சாட்சி நேரத்துல வந்து நீங்களே சொல்லிடுங்க."

கோயிலுக்கே புளியோதரைக்காகப் போகிற ஆள் நான். சாட்சி நேரத்தில் போய் மைக்கைப் பிடித்தேன்; அது வீல் என்று கத்தியது. "நான் எழுதியது தப்பு. ஆல்பம் முழுக்க பேஸ் வாசித்தது எஸ்தர். அவர் சொன்னது உண்மை. பொய் சாட்சி சொன்னது நான்" என்றேன். கூடம் மொத்தமும் "ஆமென்!" என்றது. இத்தனை வருடமாக எழுதுகிறேன், என் வாக்கியம் எதற்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. அந்த உற்சாகத்தில் ஜாஸின் வரலாற்றை ஆரம்பித்தேன். பாஸ்டர் என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்த கிடாரை எடுத்து வந்து எஸ்தரிடம் கொடுத்தார். "ஸ்தோத்திரம்" என்றார். முடிந்தது. எஸ்தரிடம் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை.

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. இதே மைக்கில் எஸ்தர் சொன்னதும் இதே வாக்கியம்தானே? அவர் சொன்னபோது நிலைக்காத ஆமென், ஒற்றைக் காதோடு ரயிலேறி வந்த ஒரு வெளியூர் ஆசாமி சொன்னதும் எப்படி நிலைத்தது?

எஸ்தர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து சுருதி சேர்த்தார். பாட்டு தொடங்கியது. கிடாரின் சத்தத்தைப் பெருக்குகிற பழைய ஆம்ப் பெட்டி ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து முதல் சுரம் வந்து என் விலா எலும்பில் இடித்தது. நான் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த பேஸ் கிடாரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆப்பில் இன்று காலைவரை ஒன்றும் மாறவில்லை. ஆகவே இங்கே அச்சாகட்டும் — பேஸ் கிடார்: எஸ்தர், கும்மிடிப்பூண்டி. ஆல்பத்தின் பேரையும் அதன் நாயகர் பேரையும் இந்த முறை எழுதப் போவதில்லை. கொஞ்ச நாள் அவரும் பேரில்லாமல் இருந்து பார்க்கட்டும்.

ஆராதனை முடிந்ததும் எஸ்தரின் அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ரொம்ப பேஜாராப் பூட்ச்சு சார். சபையில ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசல. எம்பொண்ணு பொய் சொல்லமாட்டான்னு நான் ஒருத்திதான் எல்லார்கூடயும் சண்ட போட்டுக்கினு இருந்தேன்."

"ஆல்பம் கேட்டீங்களாம்மா?"

"எங்க சார்? என்னுது பட்டன் போனு. அவ போனுல போடச் சொன்னா, 'என் பேரே இல்லாதத நான் எதுக்குப் போடணும்'னு கோச்சிக்கினா. நீங்களாவது போடுங்க."

வேலை செய்கிற வலது காதுப் பகுதியைத் துடைத்துக் கொடுத்தேன். எதிரே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் கேட்டார். பெருமையில் அவர் கண் கலங்கப் போகிறது, அதைப் பத்தியில் எப்படி எழுதலாம் என்று நான் யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"எப்ப சார் பாடுவாங்க?"

"பாட மாட்டாங்கம்மா. கடைசி வரைக்கும் இப்படித்தான்."

இயர்போனைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதையா சார் அந்தாளு திருடினான்?"